கான்கிரீட் வீட்டுக்கும் கரையான் வரும்

“கான்கிரீட் வீட்டுக்குக் கரையான் மருந்து வீண் செலவு, வந்தால் மண்ணெண்ணெய் ஊற்றினால் போதும்” என்று சிலர் வாதிடுகிறார்கள். இரண்டுமே தவறு.

கரையான் கான்கிரீட்டைத் தின்பதில்லை, உண்மைதான். தின்னத் தேவையும் இல்லை. ஒரு மில்லிமீட்டர் விரிசலோ, குழாய் நுழையும் துளையோ போதும். கதவு நிலை, பிளைவுட் அலமாரி, புத்தகம் என்று அதற்கு வேண்டிய செல்லுலோஸ் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

மண்ணெண்ணெய் கொல்வது கையில் சிக்கும் வேலைக்காரக் கரையான்களை மட்டுமே. சுவரில் தெரியும் மண்கோடு வெறும் பாதை. ராணி மண்ணுக்கடியில் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். கூட்டம் வேறு வழியில் ஏறும். தீ விபத்து அபாயம் வேறு.

கரையான் தடுப்புக்கென்றே ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரவிதி இருக்கிறது. கட்டும்போதே அஸ்திவாரக் குழியிலும், தளம் போடுமுன் நிரப்பிய மண்ணிலும் மருந்து தெளிக்க வேண்டும். கட்டிய வீடென்றால் சுவரோரம் தரையில் துளையிட்டு மண்ணுக்குள் செலுத்த வேண்டும். மருந்தோடு நிற்காமல், குழாய்க் கசிவை அடைத்துவிடுங்கள். சென்ட்ரிங் பலகைத் துண்டுகளை மண்ணில் புதைக்காதீர்கள்.

அஸ்திவாரத்தில் மிச்சம் பிடிக்கும் பணம், பின்னால் தச்சருக்குத்தான் போகும்.