உட்கார்ந்து கணக்குப் பார்த்தோமா?

"வீட்டைப் புதுப்பித்துவிட்டோம், ஃபாதர், வந்து மந்திரித்துத் தாருங்கள்" என்று இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் அழைக்கும் குடும்பங்கள் பெருகி வருகின்றன. மகிழ்வோடு செல்கிறேன். ஆனால் திரும்பும்போதெல்லாம் ஒரு கேள்வி நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது: புதுப்பித்தோமா, அல்லது இருந்ததையும் கெடுத்தோமா?

நான் காண்பது இதுதான். முற்றம் மூடப்பட்டிருக்கிறது. திண்ணை மறைந்துவிட்டது. தேக்கு உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பிணைத்து, மேலே தட்டோடு பதித்து நம் பாட்டனார் கட்டிய மெட்ராஸ் டெரஸ் பெயர்க்கப்பட்டு, கான்கிரீட்டுத் தளம் வந்திருக்கிறது. பகலெல்லாம் வெயிலை உண்டு இரவெல்லாம் அதை உள்ளே உமிழும் தளம் அது. அதைச் சமாளிக்க ஏ.சி. அந்த ஏ.சி. வெளியே தள்ளும் அனற்காற்றோ குறுகிய சந்துக்கு அப்பால் அயலான் சன்னலுக்குள் நுழைகிறது. மாடியில் சிமெண்டு ஷீட்டு வேய்ந்த அறை. வட மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த இளைஞர் நால்வருக்கு வாடகைக்கு விட்டது. கீழே தீர்த்தம் தெளிக்கும் என் கை, மேலே வேகும் அவர்களை நினைத்துத் தயங்குகிறது. வாசலில் இரண்டு பூந்தொட்டிகளை வைத்துவிட்டால் இது பசுமை இல்லம் ஆகிவிடுமா?

மேஸ்திரியைக் குறை சொல்லாதீர்கள். எதிர்வீட்டைக் காட்டி, "அதைப் போலவே வேண்டும்" என்று கேட்டவர்கள் நாம்தாம். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று ஆண்டவர் கேட்டார். நாம் பணக் கணக்கை மட்டும் பார்த்தோம். காற்றின் கணக்கு, மழையின் கணக்கு, அயலானின் கணக்கு எதையும் பார்க்கவில்லை.

நானும் குற்றவாளியே. முன்பு பணியாற்றிய பங்கொன்றில், திருவிழாவுக்கு அழகாக இருக்கட்டும் என்று ஆலய வளாகம் முழுவதற்கும் சிமெண்டுத் தளம் போட்டேன். மண்ணுக்குள் இறங்க வழியற்ற மழைநீர் எதிர்த்தெருக் குடிசைகளுக்குள் புகுந்தது. 2003-இலேயே மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியிருந்ததே! எங்கள் வளாகத்தில் அது சுவரோடு ஒட்டிய வெறும் குழாயாகவே நின்றது.

அடுத்த பங்கில், ஒழுகும் பங்கு இல்லத்தை இடித்துவிட எண்ணி ஒரு கட்டடக் கலைஞரை அழைத்தேன். பகல் இரண்டு மணிக்கு வந்தார். வரைபடம் எதையும் விரிக்கவில்லை. கடற்காற்று எந்தப் பக்கம் நுழைகிறது, கூரைநீர் எங்கே போகிறது, பின்சுவருக்கு அப்பால் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டார். பழைய சுண்ணாம்புத் தளத்தில் பழுதானவை சில தட்டோடுகளும் அடைபட்ட நீர்ப்போக்கியுமே. பிற்காலத்தில் சேர்த்த கான்கிரீட்டுப் பகுதியில்தான், உப்புக்காற்றில் கம்பி துருவேறிக் காரை உதிர்ந்துகொண்டிருந்தது. முகப்புக்குக் கண்ணாடி வேண்டும் என்று ஒரு மாதம் வாதாடினேன், அவர் இணங்கவில்லை. இன்று அவருக்கு நன்றி சொல்கிறேன். தட்டோடு மாற்றினோம்; அடைத்து வைத்திருந்த எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்தோம்; முற்றத்துச் சிமெண்டைப் பெயர்த்தோம். வீடு மீண்டும் மூச்சுவிட்டது.

"கட்டடக் கலைஞர் பணக்காரருக்குத்தானே?" என்பீர்கள். 1945-இல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்த லாரி பேக்கரை எண்ணிப் பாருங்கள். திருவனந்தபுரத்தை அடுத்த பூந்துறையில், 1970-களில், மீனவர்களுக்கு வீடு கட்டியவர் அவர். வீடுகளை ஒரே வரிசையில் அடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் கடற்காற்று எட்டுமாறு மாற்றி மாற்றி அமைத்தார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் முறையை அவர் பரப்பினார். அதனால் செங்கல் ஏறத்தாழ கால்பங்கு மிச்சமாகும். வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். தனியொரு குடும்பத்தால் கட்டணம் கொடுக்க இயலாதெனில், ஒரு தெருவார் சேர்ந்து ஒருவரை அழைக்கலாமே! பங்குப் பேரவை அதற்கு ஒரு நாளை ஒதுக்கலாமே!

"எண்ணூர்ப் புகைபோக்கிகள் நிற்கையில் என் சன்னலைத் திறந்து என்ன பயன்?" என்ற கேள்வி கனமானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. அதே மாதம் 26-ஆம் நாள் இரவு, பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிய, மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினர். அந்த அநீதிக்கு எதிராக நாம் பேசத்தான் வேண்டும். ஆனால் உலகின் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலிலிருந்து வருகிறது. அந்தப் புகைபோக்கிகளுக்கு வேலை கொடுக்கும் கைகளில் நம் கையும் ஒன்று. தன் வெப்பத்தை அயலான்மீது தள்ளும் ஆலையைக் கண்டிக்கும் நாம், அதையே சந்துக்குள் செய்யலாமா? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவுதாத்தோ சீ' சுற்றுமடல், பூமியின் துயரையும் ஏழையின் துயரையும் பிரித்துப் பார்க்கவில்லை. நம் வீட்டுக் கூரையில் இரண்டும் ஒன்றாகவே காய்கின்றன.

ஆகவே இறைமக்களே, ஒரு வேண்டுகோள். இடிப்பதற்குமுன் உட்காருங்கள், அறிந்தவரை அருகில் அமர்த்திக் கணக்குப் பாருங்கள். இனி வீடு மந்திரிக்க என்னை அழைத்தால், வரவேற்பறைக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். உச்சிவெயிலில் வருகிறேன், முதலில் மாடியறையைக் காட்டுங்கள்.