கல்வி வழிகாட்டி

கேள்வி: எம்.எஸ்ஸி. வேதியியலில் 58 விழுக்காடு பெற்றுள்ளேன். மணமாகிக் கைக்குழந்தையும் உள்ள நிலையில், முனைவர் பட்டம் பெற இயலுமா?
(சகோதரி ஒருவர், பெருங்களத்தூர்)

பதில்: தாராளமாக இயலும், சகோதரி! பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி முதுகலையில் 55 விழுக்காடு போதுமானது. நுழைவுத் தேர்வு, நேர்முகம், பாட வகுப்பு, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு ஆகியவை படிகளாகும். காலம் 3 முதல் 6 ஆண்டுகள். பெண்களுக்குக் கூடுதல் காலச் சலுகையும், 240 நாட்கள் வரை மகப்பேற்று விடுப்பும் உண்டு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் பொருட்சுமை குறையும்.

ஒன்றை மறவாதீர்கள்: வேதியியல் ஆய்வு வீட்டிலிருந்து செய்யத்தக்கதன்று, தொடங்கிய சோதனையை இடையில் விட்டு எழ இயலாது. எனவே, குழந்தையைக் கவனிப்பவர் யார் என்பதை வீட்டாருடன் முதலில் முடிவு செய்யுங்கள். பின்னர் வண்டலூர், கிண்டி போன்ற அருகிலுள்ள இடங்களில் நெறியாளரைத் தேடுங்கள்.