பாறு யார் குடியைக் கெடுத்தது?

கந்துவட்டிக்காரரைத் திட்ட வேண்டுமா, "பிணந்தின்னிக் கழுகு". இழவு வீட்டில் அரசியல் பண்ணுகிறவரை ஏச வேண்டுமா, அதற்கும் "பிணந்தின்னிக் கழுகு". தொலைக்காட்சி விவாதத்தில் இந்த வசவு காதில் விழும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பாறு என்ற அழகான பழைய பெயர் இருக்க, அந்தப் பறவைக்கு இப்படியொரு பட்டம்!

இரையைப் பற்றித் தூக்கும் வலுகூட அதன் கால்களுக்குக் கிடையாது. உயிரோடு இருப்பவரை அரிக்கும் வட்டிக்காரரோடு அதை எப்படிச் சேர்க்கிறார்கள்? செத்த மாட்டின்மேல் கூட்டமாக இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் எலும்புதான் மிஞ்சும். அழுகவும் விடாது, ஈ மொய்க்கவும் விடாது. அடைப்பான் நோய்க் கிருமியையே அதன் வயிற்று அமிலம் கரைத்துவிடும்.

அதற்கு நாம் செய்ததைக் கேளுங்கள். மாட்டின் வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசி போட்டோம். அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஈரலிலும் இதயத்திலும் சுண்ணாம்பு அடித்ததுபோல யூரிக் அமிலம் படிந்து, கழுத்து தொங்கிச் செத்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு 99-க்கும் மேல் அழிந்துபோனது. 2006-இல்தான் மாடுகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் இனம், என்றைக்குத் தலையெடுக்கும்? தமிழ்நாட்டில் இன்று அவற்றுக்குப் பெரிய புகலிடம் மோயாற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றுதான். திருக்கழுக்குன்றத்து மலையில் சோறு வைத்து, வருமா என்று அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டோமே, அந்த மஞ்சள்முகப் பாறும் இப்போது வருவதில்லை.

கூகையின் கதையும் இதுதான். ராத்திரியெல்லாம் வயல் எலியைப் பிடித்து நெல்லைக் காக்கிறது. நாம் வைத்த பெயரோ சாவுக்குருவி. கூரைமேல் வந்து உட்கார்ந்தால் கல்லால் அடிக்கிறார்கள். பெயரைக் கெடுத்துவிட்டால் அடிப்பதற்குக் கை கூசாது போலிருக்கிறது.

ஆளைத் திட்டத் தமிழில் வசவுக்கா பஞ்சம்? செய்த காரியத்தைச் சொல்லியே திட்டுங்கள், பறவையை இழுக்காதீர்கள். மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வலிக்கு ஊசி போட மருத்துவர் வந்தால், பாறுகளுக்குக் கேடில்லாத மெலாக்சிகாம் போடச் சொல்லிக் கேளுங்கள்.