வலி இருந்தா சொல்லணும்

ஓம் சரவணபவ. 

மாதம் ஒரு ஞாயிறு நாங்க தொண்டூழியர்கள் நாலைந்து பேர் மருத்துவமனைக்குப் போய் நம்மவர்களைப் பார்த்துட்டு வருவது உங்களுக்குத் தெரியும். போன தடவை நடந்ததைச் சொல்லணும். தப்பு எங்க மேலதான்.

இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு பாட்டி. "வலிக்குதா பாட்டி?"ன்னு கேட்டோம். "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா"ன்னாங்க. ஆறுதல் சொல்றதா நினைச்சு எங்களில் ஒருவர், "எல்லாம் முன்வினை, முருகனை நினைச்சுப் பொறுத்துக்குங்க"ன்னு சொல்லிட்டார். பாட்டி முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க.

அப்போ வந்த மலாய் மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாது. ஆனா கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிச்சிருந்த பாட்டியின் கையைப் பார்த்தாங்க. தொடாத சாப்பாட்டைப் பார்த்தாங்க. எங்களை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டாங்க: வலியே இல்லைன்னா 0, தாங்கவே முடியலைன்னா 10. பாட்டி தயங்கித் தயங்கி எட்டு விரல் காட்டினாங்க. கொஞ்ச நேரத்தில் மருந்து வந்தது. நாங்க கிளம்பும்போது பாட்டி தூங்கிட்டிருந்தாங்க.

நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், காய்ச்சல், மூச்சு ஆகிய நான்கோடு, ஐந்தாவதாக வலியையும் கேட்டு எழுதும் முறையை நம் சுகாதார அமைச்சு 2008-இல் கொண்டு வந்தது. மிஸ்ஸி கேட்கிறாங்க. நம்மவங்கதான் சொல்றதில்லை. தொந்தரவு கொடுக்கக் கூடாதுன்னு கூச்சம். பொறுத்துக்கிட்டா புண்ணியம்னு ஒரு நினைப்பு.

காவடி எடுக்கிற நமக்கு வலியைத் தாங்குறது பெருமைதான். ஆனா அது நாமே வேண்டிக்கிட்டது. விரதம் இருந்து ஏத்துக்கிட்டது. சன்னிதி வந்ததும் இறக்கி வெச்சிடுறோம். கட்டில்ல கிடக்கிறவங்க எதையும் வேண்டிக்கலையே! அவங்க எங்கே இறக்கி வைப்பாங்க?

வலியை அடக்கிக்கிட்டு கிடந்தா ஆழமா மூச்சு விட முடியாது, இருமி சளியை வெளியேத்த முடியாது, எழுந்து நடக்க முடியாது. குணமாவதும் தள்ளிப் போகும்.

அதனால நோயாளிகளைப் பார்க்கப் போகும் அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: வினை, பாவம்னு பேச வேண்டாம். எங்கே வலிக்குது, எவ்வளவு வலிக்குதுன்னு கேளுங்க. மொழி தெரியாதவங்களுக்காக நீங்க மிஸ்ஸிகிட்ட சொல்லுங்க. பிரசாதம் கொடுக்கும் முன்னாடியும் அவங்களைக் கேளுங்க. அறுவைச் சிகிச்சைக்கு வெறும் வயிறா இருக்கச் சொல்லியிருக்கலாம்.

பிரார்த்தனை வேண்டாம்னு நாங்க சொல்லல. முதல்ல வலியைக் கேட்போம், பிறகு திருநீறு பூசுவோம். அடுத்த மாதம் பாட்டியைப் பார்த்தா, முதல்ல மன்னிப்புக் கேட்கப் போறோம்.

முருகா சரணம்.