வெஸ்ட் இண்டீஸ்: டீம் இருக்கு... நாடு எங்கே?

கிறிஸ் கெய்லின் சிக்ஸர் தெரியும், பாப் மார்லியின் பாட்டும் தெரியும். ஆனா, உலக வரைபடத்தில் 'வெஸ்ட் இண்டீஸ்' என்று ஒரு நாட்டைத் தேடிப் பாருங்க, கிடைக்காது. ஜமைக்கா, பார்படாஸ், ட்ரினிடாட் எனத் தனித்தனி நாடுகளின் வீரர்கள் சேர்ந்து ஆடும் அணி அது. 1958-ல் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பல கரீபியன் தீவுகள் ஒரே கூட்டமைப்பாகச் சேர்ந்தன. 1962-லேயே அது கலைந்துபோச்சு. கிரிக்கெட் அணி மட்டும் பிரியவில்லை.

கணக்கு எழுதியது யார்?

ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தி வரப்பட்டவர்களின் உழைப்பில்தான் இந்தத் தீவுகளின் கரும்புத் தோட்டங்கள் வளர்ந்தன. ஆனா, எழுத்தில் கிடைக்கும் வரலாறு பெரும்பாலும் முதலாளிகளுடையது. அதில் மனிதர்கள் மாடுகளைப்போல விலையோடு பதிவாகியிருக்கிறார்கள்.

1833-ல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்ட பிரிட்டன், 2 கோடி பவுண்ட் இழப்பீடு கொடுத்தது. யாருக்கு? முதலாளிகளுக்கு! அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசுகூட இல்லை. போராடி 1804-ல் விடுதலை பெற்ற ஹைதியிடமோ, 1825-ல் பிரான்ஸ் 15 கோடி ஃபிராங்க் கேட்டது.

அப்போ, எதை வைத்துப் படிப்பது?

இசையையும் சாப்பாட்டையும் வைத்துத்தான். ட்ரினிடாட்டில் 1880-களில் பிரிட்டிஷ் அரசு மேளத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. மக்கள் மூங்கிலைத் தட்டினார்கள். பிறகு காலி எண்ணெய் பீப்பாய்களைத் தட்டித் தட்டி 'ஸ்டீல்பேன்' என்ற புது வாத்தியத்தையே உருவாக்கிவிட்டார்கள்.

அடிமை முறை ஒழிந்ததும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். அங்கே இன்றும் சமைக்கப்படும் 'கொலம்போ', நம்ம ஊர் குழம்பிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள்.

பழைய கதையை ஏன் கிளறணும்?

கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பான 'கேரிகாம்', 2014-ல் 10 அம்சத் திட்டத்தை முன்வைத்து ஐரோப்பிய நாடுகளிடம் நியாயம் கேட்டது. 'எப்பவோ முடிந்த கதை' என்பதுதான் வழக்கமான பதில்.

உண்மையில் முடிந்ததா? முதலாளிகளுக்கு இழப்பீடு தர வாங்கிய கடனை பிரிட்டன் முழுசாக அடைத்தது 2015-ல். அப்போ உங்க கையில் ஸ்மார்ட்போன் வந்திருக்கும். முதலாளிகளின் கணக்கு மட்டும் நேர் செய்யப்பட்டது. இன்னொரு பக்கக் கணக்கு அப்படியே நிற்கிறது.