கல்யாணம் வரை தாடை காத்திருக்காது

"கல்யாணத்துக்கு முன்னால பாத்துக்கிடலாம்." எடுப்புப் பல்லோடு வளரும் பிள்ளைகளைப் பற்றி நெல்லை பேட்டைப் பக்கத்து வீடுகளில் இப்படித்தான் சொல்வார்கள். பல் வரிசை மட்டும் கோணல் என்றால் பெரிய நட்டமில்லை. இருபது வயதிலும் கம்பி போடலாம். கீழ்த்தாடையே பின்தங்கியிருந்தால் கதை வேறு.

பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 11, 12 வயதிலும் பையன்களுக்கு 13, 14 வயதிலும் உயரம் விறுவிறுவெனக் கூடும். தாடையும் அந்தச் சமயத்தில்தான் வேகமாக வளரும். மகளுக்குச் சடங்கு முடிந்த பிறகே முகத்தைக் கவனிக்கத் தொடங்கும் குடும்பத்துக்கு ஒன்று தெரிவதில்லை: பெரியவளாகும்போது அந்த வேகத்தின் உச்சம் அநேகமாகக் கடந்திருக்கும்.

இந்த வளரும் வயதில் கழற்றி மாட்டும் 'ட்வின் பிளாக்' கருவி கீழ்த்தாடையை முன்னே நிறுத்திவைக்கும். 1977-ல் ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கிளார்க் இதை முதலில் செய்தது, விழுந்து முன்பல்லில் அடிபட்ட ஒரு சிறுவனுக்காக. இந்தக் கருவியால் எலும்பு எவ்வளவு வளர்கிறது, பல் எவ்வளவு நகர்கிறது என்பதில் நிபுணர்களுக்குள் இன்னும் வழக்குதான். ஆனால் வளர்ச்சி நின்றுவிட்டால், பல்லைப் பிடுங்கிச் சமாளிக்க வேண்டும். குறை பெரிதென்றால் தாடை எலும்பை அறுத்து நகர்த்த வேண்டும்.

அதற்காக ஏழு வயதிலேயே கருவி மாட்ட ஓட வேண்டாம். பத்ரி திருவேங்கடாச்சாரி முதலாசிரியராக இருந்து 2013-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு இதைத் தெளிவாக்கியது. சீக்கிரம் தொடங்கினால் முன்பல் உடைவது குறைகிறது. மற்றபடி வளரிளம் பருவத்தில் ஒரே தடவையாகச் செய்வதும் அதே பலனைத் தருகிறது.

அழகு என்ற பேச்சில் இன்னொரு வம்பு உண்டு. மூக்கு நுனியையும் மோவாயையும் இணைத்துப் பல்சீரமைப்பு மருத்துவர் ரிக்கெட்ஸ் போட்ட கோடு வெள்ளையர் முகங்களைப் பார்த்து வகுத்தது. அதே துறையில் அவருக்கு முந்திய ஆங்கிளுக்கோ கிரேக்கக் கடவுள் அப்பல்லோவின் சிலைதான் இலக்கணம்! நெல்லைப் பிள்ளையின் உதடு அந்தக் கோட்டைத் தொட்டால் அது நோயாகிவிடாது. உதடு மூட முடியவில்லை, கீழுதடு மேல்பல்லுக்கு அடியில் சிக்குகிறது, வாயால் மூச்சு விடுகிறான், வகுப்பில் பட்டப்பெயர் தாங்காமல் அழுகிறாள்: இவைதாம் மருத்துவரைப் பார்க்கக் காரணங்கள்.

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுக்கள் சொத்தைப் பல்லோடு நிற்காமல், ஆறாம் வகுப்பிலேயே பிள்ளைகளைப் பக்கவாட்டில் நிறுத்தித் தாடையையும் பார்க்க வேண்டும். தேவைப்படுவோரை நெல்லை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பட்டும். கருவிச் செலவைப் பெற்றோர் தலையில் கட்டாமல் அரசே ஏற்கட்டும்.