கம்பியா, காற்றா?

பாரிஸில் இருக்கும் என் மகன் "ஸ்மார்ட் ஹோம்" என்று முதலில் சொன்னபோது, பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு 'தொமோத்திக்' என்ற சொல்தான் நினைவுக்கு வந்தது. வீடு என்று பொருள்படும் 'தோமுஸ்' என்ற லத்தீன் சொல்லோடு, கணினித் துறைக்கான பிரெஞ்சுச் சொல்லின் வாலை ஒட்டிச் செய்த சொல் அது. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. என் வீட்டில் அது எப்படி வேலை பார்த்தது என்று சொல்கிறேன்.

புதுச்சேரியில் எங்களுடையது பழைய வீடு. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய ஒன்றரை அடிச் சுவர்கள். எழுபதைத் தாண்டிய நாங்கள் இருவர் மட்டுமே இருக்கிறோம். 2023இல் விடுமுறைக்கு வந்த மகன், அம்மா இரவில் எழுந்தால் விளக்குகள் தாமாக எரியும்படி ஆள் நடமாட்டத்தை அறியும் சிறு கருவிகளையும் வைஃபை பல்புகளையும் மாட்டிவிட்டுப் போனான். அந்தப் பல்புகளுக்கு எப்போதும் மின்சாரம் இருக்கவேண்டுமாம். அதனால் சுவிட்சுகளை யாரும் அணைத்துவிடாமல் மேலே டேப் ஒட்டினான். ஒரு வருடத்துக்கு மேல் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்கு அருகே கரையைக் கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. மின்சாரம் போயிற்று, இன்வெர்ட்டர் கைகொடுத்தது. ஆனால் இணைய இணைப்பும் போய்விட்டது. கழிவறைக்கு எழுந்த மனைவி, விளக்கு எரியும் என்ற பழக்கத்தில் நடந்தாள். எரியவில்லை. கருவி பார்த்ததை எங்கோ இருக்கும் நிறுவனத்தின் கணினிக்குச் சொல்லி, அது திரும்ப எங்கள் பல்புக்குச் சொன்னால்தான் எரியுமாம்! டேப்பைக் கிழித்து சுவிட்சைத் தட்ட அந்த இருட்டில் யாருக்குத் தோன்றும்? வாசற்படி தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

மழையில் சுவர்களில் ஓதம் ஏறியதால் பழைய வயரிங்கை மாற்றவேண்டி வந்தது. அப்போதுதான் கேள்வி எழுந்தது: இனி கம்பியா, காற்றா?

"சுவரை உடைக்காதீங்கப்பா, நல்ல வயர்லெஸ் வாங்கி அனுப்பறேன்" என்றான் மகன். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. கம்பியில்லாக் கருவிகள் மலிவு. ஒரே நாளில் மாட்டலாம். வாடகை வீட்டுக்காரர் கழற்றிக்கொண்டு போகலாம். ஆனால் தடித்த சுவர்கள் அலையை விழுங்கிவிடும். பாட்டரி தீரும். பழைய சுவிட்ச் பெட்டிகளில் பெரும்பாலும் நியூட்ரல் இருக்காது. ஸ்மார்ட் சுவிட்சுகள் பலவற்றுக்கு அது வேண்டும். நிறுவனம் கடையை மூடினால் கருவியும் செத்துவிடலாம். அமெரிக்காவில் ரிவால்வ் என்ற கருவிக்கு 2016இல் அதுதான் நடந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் வெறும் டப்பாதான் மிஞ்சியது.

எலெக்ட்ரீஷியன் முழுக் கம்பி முறையைச் சொன்னார். கே.என்.எக்ஸ். என்பது ஐரோப்பியத் தரம். மூன்று பழைய முறைகள் சேர்ந்து உருவானது. அதில் 'பாத்திபுஸ்' பிரெஞ்சுக்காரர்களுடையது. சுமார் 30 வோல்ட் செல்லும் இரட்டைக் கம்பி ஒன்று எல்லாச் சுவிட்சுகளையும் இணைக்கும். இணையம் இல்லாவிட்டாலும் சுவிட்ச் சொல்வதை விளக்கு கேட்கும். உறுதியானதுதான். ஆனால் செலவு என் ஓய்வூதியத்துக்கு எட்டாது. ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் அதற்கென்று பயிற்சி பெற்றவர் வரவேண்டும்.

நாற்பது வருடம் கோப்பு பார்த்தவன் நான். அவசரம், சாதாரணம் என்று பிரிக்காமல் எந்தக் கோப்பையும் மேலே அனுப்பியதில்லை. வீட்டையும் அப்படியே பிரித்தேன்.

விழாமல் காப்பாற்ற வேண்டியவை கம்பியில். படுக்கையிலிருந்து கழிவறை வரை மூன்று விளக்குகள். நடமாட்டத்தை அறியும் கருவி நேரடியாக விளக்கோடு இணைந்தது. ஆப் கிடையாது, இணையம் வேண்டாம், இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது. பக்கத்திலேயே கையால் தட்டும் சுவிட்சும் உண்டு. கட்டிலருகே அழைப்பு மணி, அதுவும் கம்பியில்தான். மின்விசிறி, ஏசி, வாசல் விளக்கு இவையெல்லாம் காற்றிலேயே இருக்கட்டும். வேலை செய்யாவிட்டால் யாருக்கும் எலும்பு முறியாது. பின்கட்டில் வைஃபை எட்டாததால் அங்கேயும் ஒரு கேபிள் இழுத்தோம்.

சுவரில் காடி வெட்டியபோதே இரண்டு காலிக் குழாய்களையும் பதித்துவிட்டோம். நாளை எந்தப் புது முறை வந்தாலும் மறுபடி உடைக்கவேண்டாம். வீடு கட்டும், பழுது பார்க்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். குழாய்க்கு ஆகும் செலவு அதிகமில்லை; பூசிய சுவரைப் பிறகு உடைப்பதுதான் செலவு.

பிள்ளைகள் தூரத்தில் இருந்து அன்பால் வாங்கி அனுப்புகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல மனம் வராது, எனக்கும் வரவில்லை. ஆனால் நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படிக் கருவிகள் இருந்தால் இன்று மாலை, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, மோடத்தை அணைத்துவிட்டு எது எரிகிறது, எது எரியவில்லை என்று பாருங்கள். சுவிட்சின் மேல் டேப் இருந்தால் முதலில் அதைக் கிழித்துவிடுங்கள்.